பெயர் கொடுத்த சனிக்கிழமை

எங்கள் பக்கத்து லுத்தரன் கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து என்றால், அதில் சேர விரும்புகிறவர்கள் முந்தின நாளே போதகரிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். யாரோடாவது பகை இருந்தால் தீர்த்துக்கொண்டு வா என்பார், ஞானோபதேசத்தில் இரண்டு கேள்வி கேட்பார். தஞ்சாவூர்ப் பக்கம் நான் வளர்ந்த காலத்தில் அது தேய்ந்து, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வீடு வீடாக வந்து நோட்டில் குறித்துக்கொண்டு போவதோடு சரி என்று ஆகியிருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் வேலை விசாவில் ஜெர்மனிக்குப் போய், வால்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் குடியிருந்தபோது, அதே வழக்கம் கொஞ்சமும் தேயாமல் அங்கே இருப்பதைக் கண்டேன். அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்தக் கோயிலை நான் தேடித்தான் கண்டுபிடித்தேன். அந்தப் பகுதியில் பெரிய சபையில் லுத்தரனும் கால்வின் வழிக்காரனும் எப்போதோ ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். போன புதிதில் அங்கே போய், "இது லுத்தரன் கோயில்தானே?" என்று கேட்டேன். வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள், "அதையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள்!" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் பண்டிகைக்குப் பண்டிகை கோயிலை எட்டிப் பார்த்தவன் நான். அந்நிய மண்ணில் கால் வைத்ததும் திடீரென்று முழு லுத்தரனாகிவிட்டேன். ஒன்றாகச் சேர்ந்ததை ஒப்புக்கொள்ளாமல் பிரிந்து நின்ற பழைய லுத்தரன் சபை ஒன்று மூன்று ரயில் நிறுத்தம் தள்ளி இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். அறுபது எழுபது பேர் வருவார்கள். பெயர் கொடுக்கிற சனிக்கிழமையும் அங்கே உண்டு.

வேலையில் ஜெர்மன் தேவையே இல்லை, எல்லாம் இங்கிலீஷில் ஓடும். நான் ஜெர்மன் படித்தது சண்டை படிப்பதற்காக. பதினாறாம் நூற்றாண்டில் சபை பிரிந்த சீர்திருத்த காலத்துச் சண்டைகள்தான் என் பொழுதுபோக்கு. அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே இருக்கிறதா, அல்லது சரீரம் பரலோகத்தில் இருக்க விசுவாசி ஆவியினால் மட்டும் அதில் பங்குபெறுகிறானா என்பதற்காக இந்த மண்ணில் எத்தனை பேர் வேலை இழந்தார்கள், எத்தனை பேர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வேன். மற்றவர்கள் கிரிக்கெட் பார்த்தார்கள், நான் இதைப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோயிலில் என்னைத் தவிர இன்னும் இரண்டு தமிழர் இருந்தார்கள். ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையும் அவருடைய மகளும். அண்ணைக்கு அப்போது ஐம்பது இருக்கும். அகதியாக வந்தவர். பாண், அதாவது ரொட்டி, செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அதிகாலை வேலை. மனைவி இங்கு வந்த நான்காம் வருடமே நோயில் போய்விட்டார். அவர்கள் முகாமில் இருந்த காலத்தில் துணிமணி கொடுத்ததும், அலுவலகங்களுக்குக் கூட வந்து வரிசையில் நின்றதும் இந்தச் சிறிய சபையார்தான். அந்த நன்றியில் அவர் வருடக்கணக்காக அங்கே வந்துகொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்குவார், பனி விழுந்தால் வாசலை வழித்துவிடுவார். மகள் அங்கேயே ஞாயிறு பள்ளி படித்து வளர்ந்தாள்.

ஆனால் அண்ணை திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போகமாட்டார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்கப் பாதிரிமார் வந்து கட்டிய சபை அவருடையது, கால்வின் வழி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு ஒரு நகரத்தில் நடக்கும் தமிழ் ஆராதனைக்குப் போய் அங்கேதான் பந்தியில் சேருவார். இங்கே எல்லோரும் முன்னால் போய் முழங்கால்படியிடும்போது அவர் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்கு அது போதாதா? ஆராதனை முடிந்து அவர் நாற்காலி அடுக்க, நான் பக்கத்தில் நின்று வாதம் பண்ணுவேன். நாற்காலியை ஒரு கை பிடித்ததாக நினைவில்லை.

"அண்ணே, ஆண்டவர் 'இது என் சரீரம்'னு சொல்லியிருக்கார். நீங்க எப்படி இல்லைனு சொல்றீங்க?"

"தம்பி, நான் பாண் பேக்கரியில வேலை செய்யிறனான். ஒரு நாளைக்கு எத்தினை பாண் என்ர கையால போகுது தெரியுமோ? பாண் பாண்தான். கர்த்தர் மேல இருக்கிறார். நாங்கள் விசுவாசத்தால அவரிட்டப் போறம். அவரை இழுத்துக்கொண்டு வந்து பாணுக்குள்ள அடைக்க ஏலாது."

"அடைக்கிறதுனு யார் சொன்னா?"

"பின்ன? அதுவும் நீங்கள் தாறது பாண்கூட இல்லை. கடதாசி மாதிரி ஒரு வட்டம். பிட்டுக் குடுக்கவும் மாட்டியள்."

ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். அவருக்கு அது விளையாட்டு. கண்ணில் ஒரு குறும்போடு கேட்பார், சொல்வார், நாற்காலியை அடுக்குவார். எனக்கு விளையாட்டு இல்லை. வீட்டுக்கு வந்து, சொல்லாமல் விட்ட பதில்களை எண்ணிப் பொருமுவேன். அடுத்த ஞாயிறு அவற்றைத் தயாராக வைத்திருப்பேன். தகுதியில்லாமல் வாங்குகிறவனும் சரீரத்தையே வாங்குகிறான், ஆனால் நியாயத்தீர்ப்பாக வாங்குகிறான் என்பது லுத்தரன் போதனை. கால்வின் வழிக்காரர்கள் அதை ஏற்பதில்லை. அந்த இடத்தில் அவரை மடக்கிவிட்டதாக நினைத்து ஒரு வாரம் முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் பக்கத்து ஹைடல்பெர்க் கதையைச் சொன்னேன். அங்கே பெரிய கோயிலில், பலிபீடத்தின் முன்னாலேயே, லுத்தரன் தலைமைக் குருவானவர் கால்வின் பக்கம் சாய்ந்த உதவிக் குருவின் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கப் போனாராம். நாட்டை ஆண்ட பிரபு இருவரையும் வேலையைவிட்டு விரட்டினார். பிறகு அவரே கால்வின் வழிக்குப் போனார், லுத்தரன் குருக்கள் மூட்டை கட்டினார்கள். அவர் மகன் வந்து லுத்தரன் பக்கம் திருப்பினான், கால்வின் வழிக் குருக்கள் மூட்டை கட்டினார்கள். அவன் செத்ததும் திரும்பவும் மாறியது.

அண்ணை நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கிண்ணத்தில இருந்தது சிந்தினதோ?"

"அது புத்தகத்துல இல்ல."

"அதையெல்லோ முதல் எழுதியிருக்கோணும்" என்றார். பிறகு, "அவையளும் எங்களை மாதிரித்தான். கட்டு பெட்டியை எண்டால் கட்ட வேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கதையின் கருத்தை அவர் தவறவிட்டுவிட்டார் என்றுதான் எண்ணினேன்.

வினை ரயிலில் வந்தது. வார இறுதியில் ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் போகலாம் என்று ஒரு ஏற்பாடு அப்போது இருந்தது. மார்புர்க் கோட்டையைப் பார்க்கப் போகலாம் என்று நான்தான் கிளப்பினேன். லுத்தரன் பக்கத்துத் தலைவரும் சுவிஸ் சீர்திருத்தக்காரர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய இடம். பதினைந்து விஷயத்தில் பதினான்கில் ஒத்துப்போய், கடைசியான திருவிருந்தில் முறிந்தது. எங்கள் ஆள் மேசைமேல் சுண்ணாம்புக் கட்டியால் ஆண்டவரின் வார்த்தையை எழுதிவைத்துக்கொண்டு, இதைவிட்டு அசையமாட்டேன் என்று உட்கார்ந்தார். சுவிஸ்காரர் கண்கலங்கிச் சகோதரன் என்று கையை நீட்டியும் அப்படி ஏற்க மறுத்துவிட்டார். எனக்கு அந்த இடத்தைப் பார்க்க அவ்வளவு ஆசை. அண்ணை, அவர் மகள், அவரோடு வேலை செய்கிற இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள், நான் என்று ஐந்து பேர் கிளம்பினோம்.

போகும் வழியெல்லாம் நான் பேசினேன். திரும்பும்போதும் பேசினேன். ஓரிடத்தில் குரலை உயர்த்தி, "கைகுலுக்காம வந்ததுதான் சரி அண்ணே. உண்மையில ஒரே மேசையில உட்கார முடியாதவங்க உட்கார்ற மாதிரி நடிக்கக் கூடாது" என்றேன்.

அண்ணை அன்று களைத்திருந்தார். வழக்கமான குறும்பு இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார்: "அது சரி தம்பி. உங்கட பக்கத்துக் கோயிலுகளில ஒரு காலம் ரெண்டு கிண்ணம் இருந்ததெண்டு சொல்லுவினம். ஒரு சாதிக்கு ஒண்டு, மற்றச் சாதிக்கு ஒண்டு. சரீரம் மெய்யாய் இருக்கிறதெண்டால், அது ரெண்டு கிண்ணத்திலயும் இருந்ததோ?"

கூட வந்த இருவரும் கொல்லென்று சிரித்தார்கள். உங்கள் யாழ்ப்பாணத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. அந்த இரண்டு கிண்ணத்தில் எந்தக் கிண்ணம் என் பாட்டனார் குடித்தது என்று எனக்குத் தெரியும். மேல்சாதிக் கிண்ணம், வெட்கப்பட வேண்டிய பக்கம். அதனால்தான் அவ்வளவு எரிந்தது. ஃபிராங்ஃபர்ட்டில் ரயில் மாறியதிலிருந்து வீடு வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது அண்ணை, "கோவமோ தம்பி?" என்றார். இல்லை என்றேன்.

அடுத்த வசந்தத்தில் மகளுக்குத் திடப்படுத்தல் வந்தது. இரண்டு வருடம் போதகரிடம் படித்திருந்தாள், பதினான்கு வயது. அன்றுதான் பிள்ளைகள் முதன்முதலாகத் திருவிருந்து வாங்குவார்கள். அந்தச் சபையில் பிள்ளையின் இரண்டு பக்கமும் தாயும் தகப்பனும் முழங்கால்படியிட்டு, சேர்ந்து வாங்குவது வழக்கம். தாய் இல்லாத பிள்ளை தகப்பனிடம் கேட்டிருக்கிறாள். அண்ணை என்னிடம் வந்தார்.

"பிள்ளை தனிய முன்னுக்குப் போகமாட்டன் எண்டு அழுகிறாள் தம்பி. நானும் பேர் குடுக்கப் போறன். போதகரோட கதைக்க நீங்கள் ஒருக்கா வரோணும். என்ர ஜெர்மன் மாப் பிசையத்தான் போதும். உந்த விஷயமெல்லாம் கதைக்க ஏலாது. பிள்ளையை வைச்சுக் கதைக்கிறதும் முறையில்லை."

வருகிறேன் என்றேன். அந்த வாரம் முழுக்க அகராதியோடு உட்கார்ந்து, சபைச் சொற்களையெல்லாம் ஜெர்மனில் தயார் செய்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் போனோம். மகளும் வந்தாள். ஆனால் போதகர் அவளை, தான் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைக்கு வெளியே பெஞ்சில் இருக்கச் சொன்னார். தகப்பனின் விசுவாசத்தைப் பிள்ளை முன்னால் விசாரிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அவர் கெட்டவர் இல்லை. மெலிந்த, கூச்சமுள்ள மனிதர். "அவர் தன் சபையை விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை" என்று என்னிடம் சொன்னார். "இந்தப் பந்தியில் என்ன வாங்குவதாக நம்புகிறார் என்று மட்டும் சொல்லட்டும்."

நான் அண்ணையிடம் கேட்டேன். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி, ஒப்புவிக்கிற மாதிரி சொன்னார்: "கர்த்தர் பரலோகத்தில பிதாவின்ர வலது பக்கத்தில இருக்கிறார். பாண் பாணாய்த்தான் இருக்கு. ஆவியானவர் எங்களை அவரோட சேர்க்கிறார். விசுவாசத்தால புசிக்கிறம். எங்களுக்குப் படிப்பிச்சது அப்பிடித்தான்."

நிறுத்தினார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னுமொண்டு சொல்லுங்கோ தம்பி. படிச்சதைச் சொன்னன். ஆனால் அது என்னெண்டு முழுக்க அறிய நான் ஆர்? அவர் என்னவெண்டு சொல்லித் தாறாரோ, அப்பிடியே வாங்கிக்கொள்ளுறன். என்ர பிள்ளைக்குப் பக்கத்தில இருந்து வாங்க விடட்டும்."

முதல் பகுதியை நான் பிரமாதமாக மொழிபெயர்த்தேன். அண்ணை சொன்னதைவிட அழகாக, வலுவாக, கால்வின் வழி இறையியலாளர் எழுதியது போலவே சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. பிறகு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது பகுதியைச் சொல்லவில்லை.

மறக்கவில்லை. அந்த வாக்கியத்துக்கு ஜெர்மன் தெரியாமலும் இல்லை, அதைவிட எளிய வாக்கியம் அன்று பேசப்படவேயில்லை. ஒரு வருடமாக என்னால் அசைக்க முடியாத மனிதர், ரயிலில் என்னை ஊமையாக்கிய மனிதர், தானாகவே வந்து தலை தாழ்த்திவிட்டார். எனக்கு அல்ல, பிள்ளைக்காக. அது எனக்குப் பொறுக்கவில்லை. நீர் உம்முடைய கொள்கையைச் சொன்னீரல்லவா, அதன் விலையை அனுபவியும் என்று உள்ளே ஒன்று சொன்னது. பெரிய தீமை செய்கிறோம் என்ற பதற்றமே இல்லை. சரியான தீர்ப்பு எழுதுகிற குமாஸ்தாவைப் போல அமைதியாக இருந்தேன்.

போதகர் அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "அவர் இன்னும் ஏதோ சொன்னாரே?"

"மகளைப் பற்றிச் சொன்னார்" என்றேன். பொய் இல்லை பாருங்கள். அந்தச் சாமர்த்தியம்தான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

போதகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தன்னால் கொடுக்க முடியாது என்றார். அண்ணை மகளோடு வந்து முழங்கால்படியிடலாம், கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டால் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதாகச் சொன்னார். நான் அதை அண்ணைக்குச் சொன்னேன். அதையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அண்ணை சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம், சரி" என்று எழுந்து போதகருக்குக் கை கொடுத்தார். நான் என் பெயரைக் கொடுத்தேன். போதகர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. ஏழு பிள்ளைகள், கறுப்பு உடுப்பில். ஒவ்வொரு பிள்ளையும் தாய் தகப்பனோடு போய் முழங்கால்படியிட்டது. அண்ணை கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டு போட்டிருந்தார். மகளின் வலப் பக்கம் முழங்கால்படியிட்டார். இடப் பக்கம் யாரும் இல்லை. போதகர் மகளின் வாயில் அப்பத்தை வைத்தார். அடுத்து அண்ணை. கைகளைக் குறுக்காக மடித்து, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பிள்ளைபோல் தலை குனிந்திருந்தார். போதகர் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை அவர் தலையில் வைத்தார். பிறகு அவரைக் கடந்து அடுத்த தகப்பனுக்குக் கொடுத்தார். கோயில் முழுக்கப் பார்த்தது. பதினொரு வருடம் அவர் பனி வழித்த வாசலில் நடந்து வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். சிலருக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. ஏதோ தப்புச் செய்தவர் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் தன் மனைவியின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்த வரிசையில் நான் போனேன். எனக்குக் கொடுத்தார். தகுதியில்லாதவனும் சரீரத்தையே வாங்குகிறான், நியாயத்தீர்ப்பாக வாங்குகிறான் என்ற போதனையை நான் முதன்முதலாக நம்பியது அப்போதுதான். அதுவரைக்கும் அது எனக்கு வாதத்தில் ஒரு காய்.

ஆராதனை முடிந்து மண்டபத்தில் காப்பியும் கேக்கும். அண்ணை வீட்டிலிருந்து இறைச்சி ரோல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சபையாருக்குக் கொடுத்தார். என்னிடமும் வந்து, "எடுங்கோ தம்பி, இது உறைப்புக் குறைவு" என்றார். அவர் முகத்தில் எதுவும் இல்லை. ஒருவித நிம்மதிகூட எனக்கு வந்தது. அவருக்குத் தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை என்று எண்ணினேன்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். கறுப்பு உடுப்பில் அவள் பெரிய பெண்ணாகத் தெரிந்தாள்.

"அங்கிள், நேற்று அப்பா சொன்னதில பாதியைத்தான் நீங்கள் சொன்னீங்கள்."

நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

"கதவு சரியாச் சாத்தேல்லை. நான் வெளியில இருந்து கேட்டனான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன். அந்த நிலையிலும் முதலில் கேட்கத் தோன்றியது அதுதான்.

"ஓம். அப்பாக்கு ஜெர்மன் கதைக்கத்தான் வராது. கேட்டால் விளங்கும்."

"பின்ன ஏன் அவர் அங்கேயே சொல்லல?"

"நானும் வீட்டை போய் அதைத்தான் கேட்டனான். அழுது கேட்டனான். அப்பா சொன்னவர், 'அந்தத் தம்பிக்கு அது பிழையெண்டு பட்டிருக்கு. தான் நம்பாத ஒண்டை அவற்ற வாயால சொல்லச் சொல்லி நான் கேட்டிருக்கக் கூடாது. அவற்ற விசுவாசம் அவருக்கு' எண்டு."

மண்டபத்தின் அந்தக் கோடியில் அண்ணை யாருக்கோ ரோல்ஸ் நீட்டிக்கொண்டிருந்தார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெர்மன் பள்ளியில் வளர்ந்த பிள்ளை, கேட்க வேண்டியதை நேராகக் கேட்டாள்.

"அப்பிடியோ அங்கிள்? விசுவாசத்தாலதான் சொல்லாமல் விட்டனீங்களோ?"

விசுவாசமும் இல்லை, மண்ணும் இல்லை, உன் அப்பா ரயிலில் என்னைப் பார்த்து மற்றவர்களைச் சிரிக்கவைத்தார், அதற்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை என்னைத் திட்டியிருப்பாள், அண்ணையிடம் ஓடியிருப்பாள், அவராவது யாரால் அவமானப்பட்டோம் என்று சரியாகத் தெரிந்துகொண்டிருப்பார். ஆனால் அந்த மனிதர் என்னைப் பற்றி வைத்திருந்த அந்த நல்ல எண்ணத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாம்மா" என்றேன். "மனசாட்சி இடம் கொடுக்கல."

அவள் தலையாட்டினாள். என் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்து, இன்னும் ஒரு ரோல்ஸ் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.